வேன் மாமாவும் வாரம் ஒரு குழந்தையும்

முதல் வாரம் அந்த ஆள் ஒரு குண்டுப் பையனோடு வந்தார். அடுத்த வாரம் ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் குழந்தையோடு வந்தார். அதற்கடுத்த வாரம் கண்ணாடி போட்ட, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த வேறொரு பையன். மூன்று குழந்தைகளுக்கும் ஜாடையில் துளி ஒற்றுமை இல்லை. ஆனால் மூன்றும் அவரை 'மாமா' என்றுதான் கூப்பிட்டன. ஒரு மனுஷனுக்கு எத்தனை அக்கா தங்கச்சிதான் இருக்க முடியும்? எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது.

நான் ஓர் ஓவிய அருங்காட்சியகத்தில் காவல் பார்க்கிறவள். இரண்டாவது மாடி என் பொறுப்பு. அதற்கு முன்னால் ஒரு பெரிய துணிக்கடை வாசலில் நின்று, வெளியே போகிறவர்களின் பைகளைத் திறந்து பார்க்கும் வேலையில் இருந்தேன். மாசமாக இருக்கிறாள் என்று இரக்கப்பட்டு நான் நாற்காலி போட்டு உட்காரவைத்த ஒருத்தி, கடைசியில் பெற்றெடுத்தது இரண்டு படுக்கை விரிப்பு. அன்றோடு நான் யாரையும் நம்புவதை விட்டுவிட்டேன். "நீ தூங்கும்போதுகூட ஒத்தைக் கண்ணைத் திறந்துதான் வச்சிருக்கே" என்பார் என் வீட்டுக்காரர். திறந்து வைத்திருப்பதால்தான் அவரும் ஒழுங்காக இருக்கிறார்.

சனிக்கிழமை வந்தால் எனக்கு ஆகாது. அன்றைக்குக் குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்கும் இலவச ஓவிய வகுப்பு. வாசலில் குழந்தைக்கும் கூட வருகிற பெரியவருக்கும் ஒரே நிறத்தில் காகிதப் பட்டை கட்டி அனுப்புவார்கள். யார் யாரோடு வந்தார்கள் என்பதற்கு அதுதான் அடையாளம். குழந்தை இல்லாமல் பெரியவர்கள் வரக்கூடாது, பெரியவர் இல்லாமல் குழந்தை வரக்கூடாது என்று பலகையே வைத்திருக்கிறோம். மேலே வந்ததும் எல்லோரும் ஒரு படத்தின் முன்னால் தரையில் உட்கார வேண்டும். பிறகு பக்கத்துக் கண்ணாடி அறைக்குப் போய் அவரவர் படம் வரைய வேண்டும். பிசுபிசுத்த கைகள், ஒழுகும் தண்ணீர்ப் பாட்டில், மெத்தை இருக்கைக்கு அடியில் ஒட்டப்பட்ட சூயிங்கம் எல்லாம் எனக்கு. கைதட்டல் எல்லாம் டீச்சருக்கு.

அந்த டீச்சருக்கு நான் வைத்த பெயர் கேள்வி டீச்சர். அவர் எந்தப் படத்தைப் பற்றியும் ஒரு வரி சொல்ல மாட்டார். கேட்பார், அவ்வளவுதான். "இந்தப் படத்துல என்ன நடக்குது?" என்பார். ஒரு குழந்தை, "அப்பா இன்னும் வரலை" என்று சொல்லும். "எதைப் பார்த்து அப்படிச் சொல்றே?" என்பார். "நாலு தட்டு இருக்கு, மூணு பேர்தான் இருக்காங்க." உடனே டீச்சர் முகம் மலர்ந்து, "வேற என்ன தெரியுது?" என்று அடுத்த குழந்தையிடம் போய்விடுவார். அவருக்கே விடை தெரியாது, அதனால்தான் குழந்தைகளின் வாயைப் பிடுங்குகிறார் என்று நான் வெகுகாலம் சந்தேகப்பட்டேன். அந்தச் சந்தேகம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

இப்போது அந்த ஆளுக்கு வருகிறேன். ஆறடி உயரம், நரைத்த மீசை, கழுத்துப் பட்டை நைந்த சட்டை. குழந்தைகளுக்கான குட்டை நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் மோவாய்க்கு வரும். மற்ற அப்பா அம்மாக்கள் போனை நோண்டுவார்கள், படம் பிடிப்பார்கள், பிள்ளைகளை அதட்டுவார்கள். இவர் எதுவும் செய்ய மாட்டார். யாரோடும் பேச மாட்டார். நான் பக்கத்தில் போனால் தாளைக் கையால் மறைப்பார். துணிக்கடையில் இப்படி மறைத்தவர்களை நான் சும்மா விட்டதில்லை.

நானும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஒன்று புரிந்தது. படம் வரைவது குழந்தை இல்லை, அவர்தான். குழந்தை பாட்டுக்கு மேஜைக்கு அடியில் பொத்தான் டப்பாவைக் கவிழ்த்து விளையாடும். இல்லாவிட்டால், தின்பண்டம் கூடாது என்று கரடியாகக் கத்தியும் சட்டைப்பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து எடுத்துத் தின்னும். கீழே ஒரு துணுக்கு விழுந்தால் எறும்பு வரும், எறும்புக்குப் பின்னாலேயே பூச்சி வரும், பூச்சி வந்தால் படங்கள் கதி அதோகதி. அதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? அவரோ நாக்கைக் கடித்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் வரைந்துகொண்டிருப்பார். முடிந்ததும் குழந்தையைக் கூப்பிட்டுத் தாளின் மூலையில் அதன் பெயரை எழுதச் சொல்வார்.

மறுபடியும் ரெட்டைச் சடைக்காரி முறை வந்தது. இந்தப் பெண்ணுக்கு வாய் ஓயாது. பாத்ரூம் போக வேண்டும் என்றாள். அவர் எழுந்து நேராக என்னிடம் வந்து, "அக்கா, பாப்பாவைக் கொஞ்சம் கூட்டிட்டுப் போறீங்களா?" என்றார். பழம் நழுவி என் பாலில் விழுந்தது. கை கழுவுகிற இடத்தில் வைத்து மெதுவாக ஆரம்பித்தேன்.

"அவரு உனக்கு யாரு கண்ணு?"

"மாமா."

"அம்மாவோட தம்பியா?"

"ஐயோ, இல்ல. வேன் மாமா! எங்க ஸ்கூல் வேன் ஓட்டுவாரே!"

"அப்போ மத்த பசங்க எல்லாம்?"

"எல்லாரும் எங்க வேன்தான். வாரம் ஒருத்தர். இந்த வாரம் என் டர்ன்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"ஓ, தெரியுமே. அம்மா நர்ஸ். சனிக்கிழமை டியூட்டி. நான் சமத்தா படம் வரையறேன்னு நெனச்சுட்டு இருக்காங்க" என்று சொல்லிவிட்டு, ஈரக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஏன், நீ வரையலையா?"

"மாமாதான் வரைவாரு. நான் வரைஞ்சதா வீட்டுல சொல்லணும். வேற யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு மாமா சொல்லியிருக்காரு. உங்ககிட்ட சொன்னேன்னு சொல்லிடாதீங்க ஆண்ட்டி."

வளர்ந்த ஆம்பளை ஒருத்தன் சின்னப் பெண் குழந்தையிடம், இதை வீட்டில் சொல்லாதே என்று சொல்லி வைத்திருக்கிறான். இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? வகுப்பு முடிகிறவரை அந்தக் கண்ணாடிச் சுவரை விட்டு நான் நகரவே இல்லை. கீழ்த்தளத்தில் அபாய மணி அடித்தால்கூட ஏன் என்று கேட்டிருக்க மாட்டேன்.

எல்லோரும் போனதும் கேள்வி டீச்சரைப் பிடித்தேன். "டீச்சர், அந்த மீசைக்காரர் சரியில்லை" என்றேன்.

அவர் தூரிகைகளைக் கழுவிக்கொண்டே, "எதைப் பார்த்துச் சொல்றீங்க அக்கா?" என்று கேட்டார். என்னிடமுமா என்று பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

வாரம் ஒரு குழந்தை என்றேன். சொந்தமே இல்லை என்றேன். படத்தை வரைவது அவர் என்றேன். "அது எல்லாப் பெரியவங்களும் செய்றதுதானே அக்கா. பிள்ளைங்க கையிலேர்ந்து பிரஷ்ஷைப் பிடுங்காத அப்பாவை நான் பார்த்ததே இல்லை" என்று சிரித்தார். வீட்டில் பொய் சொல்லச் சொல்லியிருக்கிறார் என்றேன். டீச்சரின் சிரிப்பு அப்படியே நின்றது. குழாயை மூடிவிட்டு, கையைக்கூடத் துடைக்காமல் போனை எடுத்தார்.

அன்று சாயங்காலமே நர்ஸம்மாவுக்குத் தகவல் போனது. அவர் மற்ற வீடுகளுக்குச் சொல்ல, வேன் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் தீப்பிடித்துக்கொண்டது. எங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அன்றைக்கு அருங்காட்சியகத்தில் வைத்தே பேசி முடித்துவிட வேண்டும் என்று பெற்றோர்கள் சொல்லிவிட்டார்கள். அன்று காலை மீசைக்காரரின் வேனில் ஒரு குழந்தையும் ஏறவில்லை என்று பிற்பாடு தெரிந்தது. ஒவ்வொரு வாசலிலும் வண்டியை நிறுத்தி, ஹாரன் அடித்து, காத்திருந்துவிட்டு, காலி வேனைப் பள்ளிக்கூடம் வரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பியிருக்கிறார்.

அந்த வேன்தான் அவருக்கு எல்லாம். இதெல்லாம் நான் பின்னால் அவரைத் தோண்டித் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டது. மீசை அரும்பும் முன்னாலேயே லாரியில் கிளீனராக ஏறியவர். பிறகு டிரைவர். ஊர் ஊராகச் சரக்கு ஏற்றிப் போனதில் கல்யாணம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்து, கடைசியில் கேட்பாரே இல்லாமல் போய்விட்டது. முதுகு வலி வந்ததும் லாரியை விட்டுவிட்டு, பழைய வேன் ஒன்றை வாங்கிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்ற ஆரம்பித்தார். டயர்க் கடை மாடியில் ஓர் அறை. ஒரு ஸ்டவ், ஒரு பாய், ஒரு ரேடியோ. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவருக்கு முதலீடே நல்ல பெயர்தான். அது ஒரு தரம் கெட்டால், பிறகு எவரும் அவர் வண்டியில் ஒரு பூனைக்குட்டியைக்கூட ஏற்றிவிட மாட்டார்கள்.

திங்கட்கிழமை பெற்றோர்கள் கண்ணாடி அறைக்கு வந்தார்கள். இருப்பது குழந்தை நாற்காலிகள்தான். ஆகவே எல்லோரும் கோபத்தோடு அந்தக் குட்டி நாற்காலிகளில் மடங்கி உட்கார்ந்தார்கள். அவர் மட்டும் கதவோரம் நின்றார். நான் கதவுக்கும் அவருக்கும் நடுவில் நின்றேன், ஓடினால் பிடிப்பதற்கு.

கண்ணாடிப் பையனின் அப்பா மருந்துக் கடை வைத்திருப்பவர். அவர்தான் ஆரம்பித்தார். "நேரடியாவே கேக்கறேன். எங்க பசங்களை எதுக்கு இங்க கூட்டிட்டு வந்தே? எதுக்குப் பொய் சொல்லச் சொன்னே?"

மீசைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்.

"வாயைத் திறந்து பேசுய்யா!"

"படம் வரையறதுக்குங்க" என்றார் கடைசியில், தரையைப் பார்த்துக்கொண்டு.

"பசங்க வரையறதுக்குத்தானே?"

"இல்லீங்க. நான் வரையறதுக்கு."

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அவர் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன். திட்டியபோதெல்லாம் அசையாமல் நின்ற மனுஷன் அந்தச் சிரிப்புக்குக் குறுகிப்போனார்.

அப்புறம் துண்டு துண்டாகச் சொன்னார். முதல் தடவை குண்டுப் பையனின் அம்மாதான் கேட்டுக்கொண்டார்களாம், எங்களுக்கு வேலை இருக்கிறது, நீங்கள் இவனை அங்கே கூட்டிப்போய் வர முடியுமா என்று. வந்தார். வந்த இடத்தில் டீச்சர் இவர் கையிலும் ஒரு பிரஷ்ஷைக் கொடுத்து, சும்மா உட்காராதீர்கள், நீங்களும் ஏதாவது வரையுங்கள் என்றிருக்கிறார். "பள்ளிக்கூடத்துல டிராயிங் பீரியடை எப்பவும் கணக்கு வாத்தியார் வாங்கிக்குவாருங்க. நான் பிரஷ் பிடிச்சதே இல்ல. அன்னிக்குப் பிடிச்சேன். அப்புறம் விட முடியலைங்க. கொழந்தை இல்லாம உள்ள விட மாட்டாங்க. எனக்கு ஏதுங்க கொழந்தை? இந்த வயசுல படம் வரையறான்னு தெரிஞ்சா நீங்க எல்லாம் சிரிப்பீங்க. அதான் பசங்ககிட்ட அப்படிச் சொல்லச் சொல்லிட்டேன்."

"நல்லா கதை விடறே" என்றார் மருந்துக் கடைக்காரர்.

கேள்வி டீச்சர் போய்ப் பெரிய இழுப்பறையைத் திறந்தார். வருஷக் கடைசியில் குழந்தைகள் கண்காட்சி வைப்பதற்காக எல்லாப் படங்களையும் அதில்தான் அடுக்கி வைப்பார். தேடி எடுத்து மேஜைமேல் பரப்பினார். மூலைகளில் கோணல் மாணலாக வேறு வேறு பெயர்கள். படங்கள் எல்லாம் ஒரே கை. ஒவ்வொரு தாளிலும் மேலே, வேனில் டிரைவர் தலைக்கு முன்னால் தொங்குமே, அந்தக் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்குள் பின்னிருக்கையில் இருக்கும் பிள்ளைகள். குண்டுப் பையன் ஜன்னலில் மூக்கை நசுக்கிக்கொண்டிருக்கிறான். கண்ணாடிப் பையன் யாரும் பார்க்காதபோது அடுத்தவன் டிபன் டப்பாவைத் திறக்கிறான். அதைப் பார்த்து அவன் அப்பாவே ஒரு நொடி, "அட, இவன்தான்" என்று சொல்லிவிட்டு, உடனே முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டார்.

நர்ஸம்மா தன் மகள் படத்தைக் கையில் எடுத்தார். வாயாடி அதில் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறாள். ஒரு சடை அவிழ்ந்திருக்கிறது. தண்ணீர்ப் பாட்டிலை மார்போடு அணைத்துப் பிடித்திருக்கிறாள். கன்னத்தில் ஒரு சின்ன மச்சம். அவ்வளவு அச்சாக இருந்தது. நானாக இருந்தால் உருகிப்போயிருப்பேன் என்று நினைத்தேன். ஆனால் நர்ஸம்மாவின் முகம் வெளுத்தது.

"எதுக்கு என் பொண்ணை இப்படி உத்து உத்துப் பார்த்திருக்கீங்க?" என்றார். குரல் உடைந்தது. "மச்சத்தைக்கூட விடலையே! வண்டி ஓட்ட வந்தீங்களா, இவளைப் பார்க்க வந்தீங்களா?"

மீசைக்காரர் என்னைப் பார்த்தார். ஏன் என்னைப் பார்த்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காட்டிக் கொடுத்ததே நான்தான். அங்கிருந்தவர்களில் அவரைத் துளிகூட நம்பாதவளும் நான்தான். மருந்துக் கடைக்காரர், "இன்னியோட சரி, நாங்க வேற வேன் பார்த்துக்கறோம்" என்று எழுந்தேவிட்டார். அவரோடு இன்னும் நாலைந்து பேர் எழுந்தார்கள்.

அப்போது நான் நர்ஸம்மாவின் கையிலிருந்த படத்தைப் பார்த்தேன். ஏதோ இடித்தது. அன்றைக்குக் கை கழுவுகிற இடத்தில் அந்தப் பெண்ணின் முகத்தை நான் நன்றாகப் பார்த்திருக்கிறேன்.

"அம்மா, உங்க பொண்ணுக்கு மச்சம் எந்தக் கன்னத்துல?" என்று கேட்டேன்.

"இடது."

"படத்துல எந்தப் பக்கம் இருக்கு, பாருங்க."

பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். "வலது மாதிரி இருக்கே."

"கண்ணாடியில பார்த்தா அப்படித்தான் தெரியும். இதை வரைஞ்சப்ப உங்க பொண்ணு இவர் பக்கத்துலயேதான் இருந்தா. ஒரு தடவை தலையைத் திருப்பிப் பார்த்திருந்தா மச்சம் இடம் மாறியிருக்காது. இவர் திரும்பலை. நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்."

"அப்போ ஓட்டறப்ப பார்க்கறாரு. அது மட்டும் நல்லாவா இருக்கு?" என்றார் நர்ஸம்மா. கேட்க வேண்டிய கேள்விதான்.

இதற்கு அவரே பதில் சொன்னார். "சிக்னல்ல நிக்கறப்ப பார்ப்பேங்க. எல்லாரும் உக்காந்திருக்காங்களா, எவனாவது கையை வெளிய நீட்டறானான்னு பார்க்கணுமே. பின்னாடி பார்க்காம ஓட்டறவன்கிட்ட நீங்க பிள்ளைங்களை அனுப்புவீங்களா?"

எனக்குப் பேச்சு வந்துவிட்டது. வந்தால் நான் சீக்கிரம் நிறுத்துகிற ஜாதி இல்லை.

"நான் இந்த ஆளை நம்பலை. இப்பவும் நம்பறேன்னு சொல்ல மாட்டேன். வேற வேற கொழந்தையோட ஒரு ஆம்பளை வந்தா நாளைக்கும் சந்தேகப்படுவேன், நாளைக்கும் டீச்சர்கிட்ட சொல்லுவேன். அது என் வேலை. ஆனா சந்தேகப்பட்டதால நான் இவரைப் பார்த்தேன். நீங்க நம்பினீங்க, அதனால யாரும் பார்க்கலை. இவர் எந்தக் கொழந்தையையும் மடியில உக்கார வைக்கலை. கையைப் பிடிச்சு இழுக்கலை. பாத்ரூம் போகணும்னா என்னைத் தேடி வந்து சொன்னாரு. எப்பவும் எல்லாரும் பார்க்கற மாதிரி நடு மேஜையிலதான் உக்காருவாரு. மறைச்சது படத்தை மட்டும்தான். கொழந்தைகிட்ட பொய் சொல்லச் சொன்னது பெரிய தப்பு. அதுக்கு என்ன திட்டணுமோ திட்டுங்க, நானும் சேர்ந்து திட்டறேன். ஆனா அதுக்கு மேல ஏதாவது சொல்றதுன்னா, எதைப் பார்த்துச் சொல்றீங்கன்னு சொல்லிட்டுச் சொல்லுங்க."

சொன்ன பிறகுதான் அது யாருடைய கேள்வி என்று உறைத்தது. கேள்வி டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பை அடக்கத்தான் என்பது என் சந்தேகம்.

"உங்களை எப்படி நம்பறது?" என்றார் நர்ஸம்மா.

"நம்பவே வேணாம். நீங்களே பாருங்க" என்றேன்.

மருந்துக் கடைக்காரர் பார்க்கிற ரகம் இல்லை. மகனை வேறு வேனில் போட்டுவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் போனார்கள். குண்டுப் பையனின் அம்மா, நான்தானே முதலில் கேட்டேன் என்று பையனைத் திரும்ப அந்த வேனிலேயே அனுப்பிவிட்டார். நர்ஸம்மா என்ன செய்வார் என்று தெரியாமல் எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. அவர் போய்விட்டால் மிச்சம் இருப்பவர்களும் போய்விடுவார்கள். அரை வேனுக்கு டீசல் ஊற்றி ஒருவர் எத்தனை நாள் ஓட்ட முடியும்?

பள்ளிக்கூடம் அருங்காட்சியகத் தெருவின் கோடியில்தான். காலையில் வேன் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகும். புதன்கிழமை நான் சீக்கிரமே வந்து வாசலில் நின்றேன். வேன் வந்தது. பின்னிருக்கையில், ரெட்டைச் சடைக்குப் பக்கத்தில், வெள்ளைச் சீருடையில் நர்ஸம்மா உட்கார்ந்திருந்தார். இரவு வேலை முடிந்து, தூங்காமல்கூட வந்திருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. டிரைவரின் பிடரியைத் துளைக்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். அவரோ விறைத்துப்போய், பரீட்சை எழுதுகிறவர் மாதிரி ஓட்டிக்கொண்டு போனார். அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். நல்லது, பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை நர்ஸம்மா டியூட்டியை மாற்றிக்கொள்ள, மூன்று பேரும் வந்தார்கள். மூன்று கையிலும் ஒரே பச்சைப் பட்டை. இதில் நான் எதிர்பாராதது, நர்ஸம்மா வந்ததைவிட மீசைக்காரர் வந்ததுதான். இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார் என்று நினைத்திருந்தேன். நர்ஸம்மாதான், "வாங்க, எப்படி வரையறீங்கன்னு நானும் பார்க்கறேன்" என்று கூப்பிட்டாராம். அது கூப்பிட்ட மாதிரியா, விசாரணைக்கு அழைத்த மாதிரியா என்று அவருக்கே தெரியவில்லை.

உள்ளே வந்ததும் அவர் முதலில் வாயாடியின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "பாப்பா, வீட்டுல பொய் சொல்லுன்னு மாமா சொன்னேன்ல, அது தப்பு. இனிமே நானே சொன்னாலும் கேக்காதே. உடனே அம்மாகிட்ட சொல்லிடு, என்ன?" என்றார். அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். "சரி மாமா, அப்போ இன்னிக்கு நான் வரையணுமா?" என்று அவள் சோர்ந்துபோய்க் கேட்டாள். கேள்வி டீச்சர் அவள் கையில் ஒரு பிரஷ்ஷையும் அவர் கையில் ஒரு பிரஷ்ஷையும் கொடுத்துவிட்டு, "அவங்கவங்க படத்துல அவங்கவங்க பேர்" என்று சொல்லிப் போனார்.

நர்ஸம்மா கையைக் கட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். நானும் என் இடத்தை விட்டு, தூணை ஒட்டி, மீசைக்காரரின் தாள் தெரிகிற மாதிரி நின்றுகொண்டேன். இந்தத் தடவை அவர் கையால் மறைக்கவில்லை. முதலில் கண்ணாடியின் சட்டம் வந்தது. அப்புறம் இருக்கையின் முதுகு. அப்புறம் வெள்ளைச் சீருடையின் கழுத்து. அதற்கு மேல் போகாமல் பிரஷ் வெகுநேரம் தண்ணீரிலேயே கிடந்தது. வேர்த்து வழிந்தார். பிறகு ஒரே மூச்சாக முகத்தைப் போட்டு முடித்துவிட்டு, தாளை மெல்ல நர்ஸம்மா பக்கம் நகர்த்தினார். தலை மட்டும் நிமிரவில்லை.

நர்ஸம்மா குனிந்து பார்த்தார். நான் எட்டிப் பார்த்தேன். கண்ணாடிக்குள் ஒரு பெண். தூக்கம் கெட்ட கண்கள். ஒரு கை மகளின் தோளைச் சுற்றி, விரல்கள் சட்டையைக் கெட்டியாகப் பிடித்திருக்கின்றன. அந்த முகத்தில் முறைப்பு இல்லை. மூன்று நாளும் நான் வாசலில் நின்று பார்த்தும் என் கண்ணில் படாத ஒன்று அதில் இருந்தது.

"நான் முறைச்சுக்கிட்டு இருக்கற மாதிரிதான் வரைஞ்சிருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார் நர்ஸம்மா.

"அப்படித்தாங்க வரைய நெனச்சேன். வரலை."

"நான் பயந்துல்ல போயிருக்கேன் இதுல."

அவர் தலையாட்டினார். "ஆமாங்க."

நர்ஸம்மாவின் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளவும் இல்லை. "பயமாத்தான் இருந்துச்சு. இன்னும் போகலை" என்றார்.

"இருக்கட்டும்ங்க" என்றார் அவர்.

வாயாடி இதொன்றையும் கவனிக்காமல், மாமாவுக்கு மீசை வரைகிறேன் என்று மேஜையெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டிருந்தாள். நர்ஸம்மா படத்தைக் காய்வதற்காக நேராக்கி வைத்தார். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "திங்கக்கிழமை நான் வேன்ல வரலை. எனக்குத் தூங்கணும்" என்றார். "இவளை மட்டும் ஏத்திக்குங்க. சடையை நல்லா இறுக்கிப் பின்னி அனுப்பறேன், அவுந்துடாம."

அவர் சரி என்று தலையாட்டினார். பிரஷ்ஷைத் தண்ணீரில் வைப்பதற்குப் பதிலாக டீச்சரின் டீக் கோப்பைக்குள் வைத்துவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சமயம் பார்த்து, யாரோ பெற்ற பிள்ளை ஒன்று பக்கத்து அறைச் சிலையின் காலை ஐந்து விரலாலும் தடவிக்கொண்டிருந்தது.

"ஏய், கையை எடு! உன்கூட வந்த பெரியவங்க யாரு?" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.